ஜெர்மானியச் சிற்றரசுகளின் போர்ச் சிலுவைகள்

பழம்பொருள்களைத் தேடித் தொகுத்து வைக்கும் விருப்பம் மக்களுக்கு இயற்கையாய் அமைந்ததொன்றாகும். சிறுவர் கிளிஞ்சல் பொறுக்குவர். மாணவர் தபால் தலை சேர்ப்பர். முதியோர் சிலர் நாணயங்களையும் ஏட்டுச் சுவடிகளையும் பேணுவர். எதனைத் தொகுப்பினும், தொகுப்போன் அப்பொருளைக் கற்குமளவே அவன் முயற்சி கல்வியாகின்றது. கற்காது குவிப்பானாயின் அது பொருளாசையாய் முடிகின்றது. இவ்வுண்மையை நன்கு விளக்கவல்ல துறைகளுள் ஒன்று, பழைய ஜெர்மானியச் சிற்றரசர்கள் தம் நாட்டு வீரர்க்கு வழங்கிய போர்ச் சிலுவைகளைத் தொகுக்கும் துறையாம். மேனாடுகளில் இதில் ஈடுபட்டோர் பலர். அச்சிலுவைகள் தோன்றிய வரலாறு, அவற்றை வாசித்தறியும் முறை, அவற்றைப் பேணுவோர்க்குரிய கடமை என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

பல அரசர், ஒரு பேரரசு

1871-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ஆம் நாள், வெர்சேல்ஸ் அரண்மனையிலே, பிரஷ்ய மன்னர் முதலாம் வில்லியம் ஜெர்மானியச் சக்கரவர்த்தியெனப் பறைசாற்றப் பெற்றார். அன்று முதல் ஜெர்மனி ஒரே நாடாய் விட்டதென்று நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். உண்மையில் அப்பேரரசு 25 உறுப்பு நாடுகள் சேர்ந்ததோர் அமைப்பாகும். பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டம்பெர்க் என்னும் நான்கும் முடியரசுகள். பாடன், ஹெஸ், ஓல்டன்பர்க், இரண்டு மெக்லன்பர்க்குகள், சாக்ஸ்-வைமார் ஆகிய ஆறும் பெரிய டியூக்குகளால் ஆளப்பட்டவை. பிரன்ஸ்விக், அன்ஹால்ட், சாக்ஸ்-மைனிங்கன், சாக்ஸ்-ஆல்டன்பர்க், சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்னும் ஐந்தும் டியூக்குகளின் நாடுகள். லிப்பே, ஷௌம்பர்க்-லிப்பே, வால்டெக், ராய்ஸ் மரபின் மூத்த கிளை, அதன் இளைய கிளை, ஷ்வார்ட்ஸ்பர்க்-ரூடோல்ஸ்டாட், ஷ்வார்ட்ஸ்பர்க்-ஸோண்டர்ஸ்ஹௌஸன் என்னும் ஏழும் சிற்றரசுகள். ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்னும் மூன்றும் அரசரின்றித் தம்மைத் தாமே ஆண்ட சுதந்தர நகரங்கள்.

இவற்றிடையே இருந்த ஏற்றத்தாழ்வு பெரிது. பிரஷ்யாவின் பரப்பு ஏறத்தாழ 3,48,000 சதுர கிலோமீட்டர். ராய்ஸ் மூத்த கிளையின் நாடோ 316 சதுர கிலோமீட்டரே. இத்தகைய சிறு நாடுகள் தமக்கெனத் தனிப்படை வைத்துக் காத்தல் இயலாதாயிற்று. 1866-ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் அவற்றுட் பெரும்பாலன பிரஷ்யாவோடு படை உடன்படிக்கைகள் செய்துகொண்டன. அவற்றின் வீரர் பிரஷ்யப் படையின் உறுப்பாயினர். பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டம்பெர்க் ஆகிய மூன்று மட்டுமே தம் படைகளைத் தனியே நடத்தி வந்தன. வால்டெக் இன்னும் ஒரு படி கீழே சென்று, 1868 முதல் தன் உள்நாட்டு நிருவாகத்தையே பிரஷ்யாவினிடம் ஒப்படைத்துவிட்டது.

படை போயிற்று; வெளிநாட்டு உறவு பேரரசின் கையிற் சென்றது. சிற்றரசனிடம் எஞ்சிய அரசுரிமைகளுள் கண்ணுக்குப் புலனாய் நின்றது ஒன்று: தன் பெயரின் முதலெழுத்தும் தன் முடியும் பொறித்த விருதினைத் தகுதியுடையார் மார்பிற் சூட்டும் உரிமை. ஹோஹன்ஸோலர்ன் மரபின் சிற்றரசர் இருவர் கதை இதனை நன்கு காட்டும். அவர்கள் 1841-இல் ஒரு குலவிருதினை ஏற்படுத்தினர். எட்டாண்டுகள் கழித்து, 1849-இல், தம் நாடுகளைப் பிரஷ்ய மன்னர்க்கு விட்டுக்கொடுத்தனர். நாடு சென்ற பின்னும் அவ்விருது அம்மரபினராலே வழங்கப்பட்டு வந்தது. ஆகவே, ஒரு சிறு சிலுவையைக் கையிலேந்தும் மாணவன், தேய்ந்து மறைந்துகொண்டிருந்ததோர் அரசுரிமையின் கடைசி ஒளியைக் கையிலேந்துகின்றான் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இரும்பின் மாண்பு

சமஸ்தானச் சிலுவைகளை அறிதற்கு முன், அவற்றுட் பலவற்றிற்கு முன்மாதிரியாய் நின்ற பிரஷ்ய இரும்புச் சிலுவையை அறிதல் வேண்டும். 1806, 1807-ஆம் ஆண்டுகளில் நெப்போலியனிடம் தோற்று, நாட்டிற் பாதியையும் பெரும் பொருளையும் இழந்து வருந்திய பிரஷ்யா, 1813-இல் மீண்டும் போருக்கெழுந்தது. அப்பொழுது மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம், மார்ச் மாதம் 10-ஆம் நாள் தேதியிட்டு இவ்விருதை நிறுவினார். அந்நாள் 1810-இல் மறைந்த அரசி லூயிஸாவின் பிறந்தநாளாகும். மன்னர் தாமே வரைந்து கொடுத்த குறிப்பைக் கட்டடக் கலைஞர் ஷிங்கல் என்பார் திருத்தமான வடிவமாக்கினார்.

இவ்விருதிற்குப் பொன்னை விடுத்து இரும்பைத் தேர்ந்ததில் ஒரு கருத்துண்டு. நாட்டு மகளிர் தம் பொன்னணிகளைப் போர்ச் செலவிற்கு ஈந்து, இரும்பணிகளைப் பெற்றுப் பூண்ட காலம் அது. வறுமையுற்ற நாட்டின் வறிய உலோகமே அந்நாட்டின் உயர்ந்த சின்னமாயிற்று. மற்றொரு புதுமையும் இதன்கண் உண்டு. அக்காலத்து விருதுகள் பெரும்பாலும் பிறப்பும் பதவியும் நோக்கியே அளிக்கப்பட்டன. இரும்புச் சிலுவையோ படைத்தலைவனுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே வடிவில், ஒரே உலோகத்தில் அளிக்கப்பட்டது. ஆணுடை தரித்துப் படையிற் சேர்ந்து போரிட்ட பிரீடரிக்கெ க்ரூகர் என்னும் மெக்லன்பர்க் நாட்டுப் பெண்மணியும் இதனைப் பெற்றார்.

இச்சிலுவை 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளின் போர்களில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. 1870-ஆம் ஆண்டுப் போரில் முதல் வகுப்புச் சிலுவை பெற்றோர் ஏறத்தாழ 1,300 பேரே. 1914-இல் தொடங்கிய உலகப் பெரும் போரிலோ, முதல் வகுப்பு இரண்டு லட்சத்திற்கு மேலும், இரண்டாம் வகுப்பு ஐம்பது லட்சமளவும் வழங்கப்பட்டன என மதிப்பிடுவர். கோடையில் ஒரு குடம் நீர்க்கு இருக்கும் மதிப்பு, வெள்ளத்தில் ஓர் ஏரி நீர்க்கு இராதன்றோ? இரும்புச் சிலுவை பெருகப் பெருக, அதன்பால் மக்கள் வைத்த மதிப்புச் சுருங்கலாயிற்று. வீரன் எவ்வூரான், எவ்வரசன் குடி, எப்படைப்பிரிவினன் என்பவற்றை அஃது ஒருபோதும் கூறாது. அவற்றைக் கூறுவன அவனது சொந்த நாட்டுச் சிலுவைகளே.

சமஸ்தானச் சிலுவைகள் சில

இவற்றுட் காலத்தால் முந்தியன சில. 1914-க்குப் பின் அவசரமாய்த் தோன்றியன பல. மெக்லன்பர்க்-ஷ்வெரீன் நாட்டின் போர்த்தகுதிச் சிலுவை, பெரிய டியூக் இரண்டாம் பிரெடரிக் பிரான்ஸ் என்பவரால் 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் நிறுவப்பட்டது. அதன் ஒரு புறத்தில் ‘போரிற் சிறந்தமைக்காக’ என்னும் பொருளுடைய வாசகமும், மறுபுறத்தில் டியூக்கின் பெயரெழுத்துகளும் போர் நிகழ்ந்த ஆண்டும் உள. 1848, 1870, 1900, 1914 என ஆண்டெண் மாறுவதால், ஒரே விருது பல போர்களின் சான்றாய் நிற்கின்றது. அண்டை நாடாகிய மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் 1871-இல் தன் சிலுவையை நிறுவி, அதில் ‘வீரமும் விசுவாசமும் உடையாய்’ என்னும் கருத்தமைந்த இரு சொற்களைப் பொறித்தது.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரும் போர் மூண்டதும், ஏனைய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புதிய சிலுவைகளை ஏற்படுத்தின. ஓல்டன்பர்க் நாட்டுப் பெரிய டியூக் பிரெடரிக் ஆகஸ்ட், செப்டம்பர் மாதம் 24-ஆம் நாள் தம் பெயரால் ஒரு கருநிற இரும்புச் சிலுவையை நிறுவினார். அக்டோபர் 23-ஆம் நாள் பிரன்ஸ்விக் டியூக் எர்னஸ்ட் ஆகஸ்ட் வெண்கலச் சிலுவையொன்றை அமைத்தார். இவர் பிரஷ்யாவினால் 1866-இல் நாடிழந்த ஹானோவர் மரபினர். 1913-இல் சக்கரவர்த்தியின் ஒரே மகளை மணந்ததன் வாயிலாக அம்மரபுகளின் நெடுநாட் பகை தணிந்தது. அப்பகை தணிந்த மறுவருடமே இவர் சிலுவை பிரஷ்ய இரும்புச் சிலுவையோடு ஒரே மார்பிற் சேர்ந்து தொங்கலாயிற்று. டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் லிப்பேச் சிற்றரசர் நான்காம் லியோபோல்டும், 12-ஆம் நாள் அன்ஹால்ட் டியூக் இரண்டாம் பிரெடரிக்கும் தத்தம் சிலுவைகளை நிறுவினர். ஷௌம்பர்க்-லிப்பே, 1870-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் ஏற்பட்ட தன் ‘உண்மைச் சேவைச் சிலுவை’யைப் புதுப்பித்தது. 1915-இல் சாக்ஸ்-மைனிங்கன் டியூக் மூன்றாம் பெர்னார்டு, போர்த்தகுதிச் சிலுவையோடு, போர்க்காலத்து நோயாளர்க்கும் ஏழைகட்கும் உதவிய மகளிர்க்கெனத் தனியே ஒரு சின்னமும் ஏற்படுத்தினார்.

சுதந்தர நகரங்கள் மூன்றன் செய்கை தனிச் சிறப்புடையது. வணிகராற் சிறந்த அந்நகரத்தார், பிறர் தரும் விருதுகளைப் பூணாமையையே தம் பெருமையாய்க் கொண்டொழுகியவர். 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் முதலமைச்சராயிருந்த ஹாம்பர்க் நகரத்து ஹெல்முட் ஷ்மிட், அம்மரபைக் காரணங்காட்டியே தம் நாடு அளிக்க முன்வந்த உயர்ந்த விருதினை ஏலாது விடுத்தார். அத்தகைய நகரங்களும் 1915-இல் தம் மரபைச் சற்றே தளர்த்தி, ஹான்ஸிய சிலுவை என்னும் விருதைப் பொது வடிவில் ஏற்படுத்தின. சிவந்த எனாமல் பூசிய வெள்ளிச் சிலுவை அது. நடுவட்டத்தில் ஹாம்பர்க் தன் கோட்டை வாயிலையும், பிரேமன் தன் திறவுகோலையும், லூபெக் தன் இருதலைக் கழுகையும் பொறித்தன. மூன்றுக்கும் நாடாவின் நிறம் வெண்மையும் செம்மையுமே. அவற்றை அமைத்த வகையிலேதான் வேற்றுமை.

சிலுவையை வாசிக்கும் முறை

ஏட்டை வாசிப்பதற்கு எழுத்தறிவு வேண்டியவாறே, சிலுவையை வாசிப்பதற்கும் சில அடையாளங்களை அறிதல் வேண்டும். அவற்றை நான்காகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, பெயரெழுத்து. அன்ஹால்டின் பிரெடரிக்கும் ஓல்டன்பர்க்கின் பிரெடரிக் ஆகஸ்டும் பெயரால் நெருங்கியவர். ஆதலின் எழுத்தோடு முடியின் வடிவையும் நோக்கல் வேண்டும். ராய்ஸ் மரபிலோ இடர்ப்பாடு மிகுதி. அக்குலத்து ஆண்மக்கள் அனைவர்க்கும் ஹைன்ரிக் என்பதே பெயர். எண்ணால் மட்டுமே வேறுபடுவர். மூத்த கிளையார் நூறு வரை எண்ணிப் பின் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவர். இளைய கிளையார் நூற்றாண்டுதோறும் புதிதாய் எண்ணுவர். இதனை அறியாத தொகுப்பாளன் பேரனின் விருதைப் பாட்டனுடையதென்று மயங்குவான்.

இரண்டாவது, நாடா. பெரும்பாலான விருதுகளில் போர்க்களத்திற் பொருதவர்க்கு ஒரு நாடாவும், களத்திற்கு வெளியே மருத்துவம், உணவு முதலிய பணி செய்தோர்க்கு வேறொரு நாடாவும் உண்டு. 1914-ஆம் ஆண்டு இரும்புச் சிலுவையில், பொருதவர் நாடா வெண்கரையிட்ட கருமை. மற்றவர் நாடா கருங்கரையிட்ட வெண்மை. ஓல்டன்பர்க் சிலுவைக்கு அவ்வாறே செங்கரையிட்ட நீலமும், நீலக்கரையிட்ட செம்மையும் முறையே அமைந்தன. அன்றியும், பகைவர் முன் நின்றதைக் குறிக்கும் வாசகம் பொறித்த சிறு பட்டையொன்றும் ஓல்டன்பர்க் நாடாவில் அணியப் பெற்றது. சிலுவை ஒன்றேயாயினும், நாடா மாறினாற் கதை மாறிவிடும்.

மூன்றாவது, உலோகம். போர் நீள நீள, நாட்டில் உலோகத் தட்டுப்பாடு மிகுந்தது. பொன்னால் செய்யப்பட்ட உயர் விருதுகள் பொன்முலாம் பூசிய வெள்ளியாயின. வெண்கலத்தாலானவை பின்னர்த் துத்தநாகத்தாலாயின. 1914-இல் ஒளி பெற்று விளங்கிய சிலுவை, 1918-இல் சாம்பல் நிறமான மலிந்த உலோகத்தில் வருதலைக் காணும்போது, ஒரு பேரரசு மெல்ல வறிதாகி வந்த வரலாற்றைக் கண்ணாற் காண்கின்றோம். புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து அறிவதை இரண்டு சிலுவைகளை அருகருகே வைத்து அறிந்துவிடலாம்.

நான்காவது, வரிசை. வீரன் பெற்ற பல விருதுகளை ஒரே பட்டையில் நாடாக்களை மடித்துத் தைத்து அணிவது ஜெர்மானிய வழக்கம். பெரும்பாலும் இரும்புச் சிலுவை முதலிலும், சொந்த அரசன் தந்தது அதனையடுத்தும், பிற அரசர் தந்தவை அவற்றின் பின்னும் நிற்கும். இரும்புச் சிலுவைக்குப் பின் லூபெக் நகரச் சிலுவை நிற்குமாயின், அதனை அணிந்தவன் அந்நகரத்தில் பிறந்தவனாகவோ, அங்குத் தங்கியிருந்த 162-ஆம் காலாட்படைப் பிரிவில் சேவித்தவனாகவோ இருத்தல் கூடும். பிரேமனுக்கு 75-ஆம் பிரிவும், ஹாம்பர்க்கிற்கு 76-ஆம் பிரிவும் அவ்வாறே உரியன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். புகழ்பெற்ற வீரர்க்கு எல்லா அரசரும் விருது வழங்க முந்தினர். 80 விமானங்களை வீழ்த்தி, 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் தாமும் வீழ்ந்த மான்பிரெட் வான் ரிக்தோபன் பிரஷ்யர். எனினும் பிரன்ஸ்விக், லிப்பே, ஷௌம்பர்க்-லிப்பே ஆகிய நாடுகளும், பிரேமன், லூபெக் நகரங்களும் அவர்க்குத் தம் விருதுகளை அளித்தன. இங்கே விருதால் வீரர் பெருமை பெற்றாரா, வீரரால் விருது தந்தவர் பெருமை பெற்றனரா என்பது ஆராயத்தக்கது. குடியானவன் மகனொருவன் மார்பிலுள்ள லிப்பேச் சிலுவை அவன் ஊரைச் சொல்லும். ரிக்தோபன் மார்பிலுள்ள அதே சிலுவை அவர் புகழையே சொல்லும்.

மெய்யும் போலியும்

விலை உள்ள இடத்தில் வஞ்சனையும் உண்டு. இத்துறையில் போலிகள் மலிந்துள்ளன. ஆயினும் எல்லா மறுபடிகளையும் போலியென்று தள்ளலாகாது. விருது பெற்றவன் தான் பெற்ற மூலச் சிலுவையை வீட்டிற் பத்திரமாய் வைத்து, நாடோறும் அணிவதற்கு நகைக்கடையில் இரண்டாவதொன்றை வாங்குதல் அக்காலத்து வழக்கம். அத்தகையது அவனால் அணியப்பட்டதே. அதற்குரிய மதிப்பு அதற்குண்டு. பிற்காலத்தில் வாங்குவோரை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தவையே போலிகளாம்.

இவற்றை அறிதற்குச் சில எளிய வழிகள் உள. இரும்புச் சிலுவை நடுவே ஓர் இரும்புத் தகடும், அதனை இருபுறமும் கவ்விப் பற்றவைத்த வெள்ளிச் சட்டங்கள் இரண்டும் கொண்டது. ஆகவே விளிம்பிற் பற்றவைத்த கோடு காணப்படல் வேண்டும். நடுத்தகட்டைக் காந்தம் இழுத்தல் வேண்டும். பலவற்றின் வளையத்தில் செய்தோரின் குறியும், வெள்ளியின் தரத்தைக் காட்டும் 800 என்னும் எண்ணும் சிறிதாய்ப் பொறிக்கப்பட்டிருக்கும். நாடாவைப் புற ஊதா ஒளியிற் பிடித்துப் பார்த்தலும் ஒரு வழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய செயற்கை இழைகளும் வெண்மையூட்டும் சாயங்களும் அவ்வொளியிற் பளிச்சிடும். பழைய பருத்தியும் பட்டும் பொதுவாக அவ்வாறு பளிச்சிடா. ஆயினும் பழஞ் சிலுவைக்குப் புது நாடா கோத்தலும் உண்டாதலால், இச்சோதனை ஒன்றையே நம்பி முடிவு செய்தல் தகாது.

மெய்யான சிலுவையையும் கெடுப்பவர் உளர். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் பழஞ் சிலுவையைத் துலக்கிப் பளபளப்பாக்குவோர், அதன்மேல் நூறாண்டு படிந்த நிறத்தையும் அணிந்தவன் உடையில் உரசித் தேய்ந்த அடையாளத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடுகின்றனர். பழம்பொருளுக்கு அழுக்கும் ஒரு சாட்சி. உலர்ந்த இடத்தில், மென்மையான தாளிற் பொதிந்து, கைபடாமல் வைத்தலே போதியதாம்.

பொருளும் பெயரும்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். சிலுவையை மார்பினின்று கழற்றலாம், விற்கலாம், கடல் கடந்து அனுப்பலாம். அவ்வாறு கழற்ற வொண்ணாத விருதொன்றும் அப்போரில் அளிக்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலை நம் நாட்டார் மறந்திலர். அப்பெயர் தமிழ்ப் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அக்கப்பலில் இருந்தோர்க்கு இரும்புச் சிலுவைகள் அளிக்கப்பட்டன. அதனோடு, தம் குடும்பப் பெயருடன் எம்டன் என்பதைச் சேர்த்து வழங்கும் உரிமையையும் அவர்கள் பெற்றனர். அப்பெயர் அவர்தம் மக்களுக்கும் உரியதாயிற்று. பெயரோடு ஒன்றிய விருதைச் சந்தையில் விற்க இயலாது. பெயரினின்று பிரிந்த விருதோ சந்தைப் பொருளாய்விடுகின்றது.

ஆதலின் தொகுப்போன் முதலிற் கேட்க வேண்டுவது, ‘இதன் விலை என்ன?’ என்பதன்று; ‘இஃது எவனுடையது?’ என்பதேயாம். இதற்கு விடை சொல்வன, சிலுவையோடு அளிக்கப்பட்ட பட்டயமும், வீரனது படைச் சேவைக் கையேடும், அவன் எழுதிய கடிதங்களும், அவன் நிழற்படமுமாம். இவை வெறுங் காகிதமென்று எண்ணி, சிலுவைகளை மட்டும் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாய் விற்கும் வணிகர் பலர். தனித்தனியே விற்றால் வருவாய் கூடுதலாகலாம். ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கை அங்கே துண்டு துண்டாய்ச் சிதறுகின்றது. பின்னர் எத்துணை முயன்றும் அதனைக் கூட்டுதல் அரிது.

இவ்விழப்பு ஏன் பெரிதென்பதற்கு வலிய காரணமொன்றுண்டு. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பாட்ஸ்டாம் நகரிலிருந்த படை ஆவணக் காப்பகத்திற் பேணப்பட்டு வந்தன. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிகழ்ந்த குண்டுவீச்சில் அக்காப்பகம் தீப்பட்டு, ஆவணங்களுட் பெரும் பகுதி அழிந்துபோயிற்று. சிற்றரசுகளின் வீரருட் பெரும்பாலோர் பிரஷ்யப் படையில் சேவித்தவரே என்பதை முன்னர்க் கண்டோம். ஆகவே அவர்களிற் பலர்க்கு இன்று எஞ்சியிருக்கும் சாட்சி, ஒரு குடும்பத்தின் பெட்டியிலோ ஒரு தொகுப்பாளன் மேசையிலோ கிடக்கும் அப்பழைய காகிதமேயாம். அதனை எறிபவன் ஒருவனது பெயரையே எறிகின்றான்.

அப்பெயர்களுள் சில, உலகம் மறக்கலாகாத கதையை உடையன. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக ஏறத்தாழ 1,00,000 யூதர் போர்ப்பணி செய்தனர். அவர்களுள் 12,000 பேர் வரை உயிர் நீத்தனர். பலர் இரும்புச் சிலுவையும் தம் நாட்டுச் சிலுவையும் பெற்றவர். 1933-இல் ஹிட்லர் அதிகாரம் பெற்று, யூதரை அரசாங்கப் பதவிகளினின்று நீக்கியபோது, முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் வேண்டுகோளால் முன்னணிப் போர்வீரர்க்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆம் நாள் அவரே உலகப் போர் மதிப்புச் சிலுவையை நிறுவினார். களத்திற் பொருதவர்க்கு வாள்களோடும், ஏனையோர்க்கு வாளின்றியும், மாண்டவரின் மனைவியர்க்கும் பெற்றோர்க்கும் கருநிறத்திலும் அஃது அளிக்கப்பட்டது. யூத வீரரும் அதனைப் பெற்றனர். அடுத்த ஆண்டே அவர்தம் விலக்கு நீங்கிற்று, குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1942-இல், போர் விருது பெற்ற யூதரை ‘முதியோர் உறைவிடம்’ என்னும் பெயரால் தெரஸியன்ஸ்டாட் என்னும் அடைப்பிடத்திற்கு அனுப்புதல் என்று முடிவு செய்தனர். அங்கிருந்து பலர் கொலைக்களங்கட்குக் கொண்டு செல்லப்பட்டனர். அரசு தன் கையாற் சூட்டிய சிலுவை அவ்வரசிடமிருந்தே தன்னை அணிந்தவனைக் காக்கவில்லை. பெயரற்ற சிலுவையொன்று இதனை நமக்குச் சொல்லுமோ? பெயரெழுதிய பட்டயம் உடனிருப்பின் அது சொல்லும். சொல்வதோடு, கேட்போரை உறங்கவும் விடாது.

முடிவுரை

1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானிய அரசர்கள் ஒருவர்பின் ஒருவராய் முடி துறந்தனர். பிரன்ஸ்விக் டியூக் 8-ஆம் நாளிலேயே விலகினார். ஷ்வார்ட்ஸ்பர்க் நாடுகள் இரண்டிற்கும் அரசராயிருந்த குந்தர் விக்டர், அம்மாதம் 25-ஆம் நாளுக்குள் முடி துறந்தார். 1920-இல் பல சிறு நாடுகள் துரிங்கியா என்னும் ஒரே நாடாய் இணைந்தன. கோபர்க் பவேரியாவிற் சேர்ந்தது. 1929-இல் வால்டெக் பிரஷ்யாவில் ஒன்றியது. 1937-இல் லூபெக்கும் தன் தனியுரிமையை இழந்தது. 1919-ஆம் ஆண்டுக் குடியரசின் அரசியல் சட்டம், அரசாங்கம் விருதுகள் வழங்கலாகாதென்று விதித்து, முடிந்த போரின் சேவைக்குரியவற்றிற்கு மட்டும் இடமளித்தது. நாடுகள் மறைந்தன, அவற்றின் எல்லைக் கற்கள் பெயர்க்கப்பட்டன, அவை வழங்கிய சிலுவைகள் மட்டும் இன்றும் கைக்குக் கை மாறி வருகின்றன.

இவற்றைத் தொகுத்தல் போரைப் போற்றுதலாகாதோ என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. சிலுவையின் ஒளியில் மயங்கி, அதன் பின்னுள்ள புண்ணையும் அழுகையையும் மறப்பானாயின், தொகுப்போன் அக்குற்றத்திற்கு ஆளாவான். வெற்றிச் சின்னமாய் மட்டுங் கொள்ளாது, ஒரு மனிதனைப் பற்றிய சாட்சியாய்க் கொள்வானாயின், அவன் செய்வது வரலாற்றுத் தொண்டு. மைனிங்கன் டியூக் செவிலித் தொண்டு புரிந்த மகளிர்க்களித்த சின்னமும், 1934-இல் மகனை இழந்த தாய்க்களித்த கருஞ்சிலுவையும், வாளேந்திய சிலுவைகளோடு ஒரே பேழையில் ஒருங்கிருத்தல் வேண்டும். அப்பொழுதே அப்பேழை போரின் முழு உருவத்தையும் காட்டும்.

மாணவ நேயர்களே! நீவிர் ஜெர்மானியச் சிலுவைகளைக் காணும் வாய்ப்பு அரிதாயிருக்கலாம். ஆயினும் உங்கள் கைக்கு வரும் எப்பழம்பொருளுக்கும் இம்முறை பொருந்தும். அது யாருடையது, எவ்வாறு அவர்க்கு வந்தது, அவரிடமிருந்து எவ்வாறு பிரிந்தது என்பவற்றைக் கேட்டறிந்து, அறிந்ததை ஒரு தாளில் எழுதி, அத்தாளை அப்பொருளோடு சேர்த்து வையுங்கள். உலோகம் தானே நிலைத்து நிற்கும். பெயரை நிலைநிறுத்துதல் நம் கடனாகும்.